சுண்டுவிரல் அளவு

பிறை என்றால் கீழக்கரையே மாடியேறும்.
அங்கே, தென்னைக்கு இடப்பக்கம்,
இல்லை அது மேகம், கண்ணாடியைக் கொண்டா என்று
ஒரு நகத்துண்டுக்கு அவ்வளவு கூச்சல்.
பார்த்தவர் சாட்சி சொல்ல வேண்டும்.
பதினாலாம் இரவுக்கு யாரும் வருவதில்லை.
அதற்கு எதற்குச் சாட்சி,
கொடியில் காயும் துணிக்கே தெரிகிறது.

நானும் துணி எடுக்கத்தான் போனேன்.
ஆனி மாதத்துக் கச்சான்
தலையணை உறை ஒன்றை
தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் சுருட்டி வைத்திருந்தது.
முல்லித் தீவுப் பக்கம்
வட்டலப்பத்தின் நிறத்தில் ஏறிக்கொண்டிருந்தது நிலவு.
கொஞ்ச நேரத்தில் அதன் அடியில்
பஸ்ஸை விட்ட ஆள் ஓடிவருவதுபோல ஒரு வெளிச்சம்.
சிமிட்டவேயில்லை.
செல்போன் டவர் என்று நினைத்தேன்.
டவர் மேலே ஏறுமா?

கீழே, கவிழ்த்துப்போட்ட வள்ளத்தில் சாய்ந்து
குப்பைக்கனி காக்கா பீடி குடித்துக்கொண்டிருந்தார்.
பறுவத்தில் கடலுக்குப் போகமாட்டார்.
மீன் வலையையும் பார்க்கும்,
நம் மூஞ்சியையும் பார்த்துவிட்டுப் போகும் என்பார்.
"காக்கா, அது என்ன வெள்ளி?"
"செட்டியைக் கொன்ற வெள்ளி.
விடிஞ்சிருச்சுன்னு நம்பி மூட்டையத் தூக்குனான்,
நடுச்சாமத்துல.
களவாணி என்ன, தூங்கவா போயிருப்பான்?"
ஒன்பதாவது படிக்கும் அவர் மகன் வலைக்கு அந்தப் பக்கமிருந்து
"அது வியாழன் வாப்பா" என்றான்.
"பேரு என்னவா இருந்தா என்ன,
செட்டி செத்தான்ல."

கையை நீட்டி ஒரு கண்ணை மூடி
இரண்டுக்கும் நடுவே சுண்டுவிரலை வைத்துப் பார்த்தேன்.
நாலு விரல் இடைவெளி.
அவருக்குக் குரல் செய்தி போட்டேன்:
மச்சான், ஜுபைல்லயும் ஏறும்,
எத்தனை சுண்டுவிரல்னு அளந்து சொல்லுங்க.

பத்தரை மணிக்குக் கூப்பிட்டார்.
"ரெண்டு."

மறுபடி மாடிக்கு ஓடினேன்.
நகர்ந்துதான் இருந்தது, ஆனால் மூன்று.
ஒரே வானம், ஒரே நேரம்,
அவருக்கு மட்டும் எப்படி ரெண்டு?
"உன் விரல் நண்டுக்கால்,
என்னோடது கிரேன் ஓட்டுற விரல்" என்று சிரித்தார்.
எனக்குத் தெரியாத விரலா.
என் சுண்டுவிரல் மோதிரம் அதில் இறங்கும்,
போட்டு விளையாடியிருக்கிறோம்.

"எந்த விரலால அளந்தீங்க?"

அங்கே லாரி ஒன்று பின்னால் வரும் சத்தம்,
பீப், பீப்.
"நடுவிரலு."
"ஏன்?"
மறுபடியும் லாரி.

பதினோரு நாளாயிற்றாம்.
சங்கிலிக்கும் கொக்கிக்கும் நடுவிலாம்.
ஒன்றுமில்லையாம், நகம் வரைக்கும்தானாம்,
கட்டுப் பிரித்தால் சரியாகிவிடுமாம்.
இன்னொரு கையில் பார்க்கத் தோன்றவில்லையாம்,
அந்தக் கைதான் சும்மா இருந்ததாம்.

பதினோரு நாளும் பேசினோம்.
மீன் குழம்பைக் காட்டினார், புது பெட்ஷீட்டைக் காட்டினார்,
ஜன்னலுக்கு வெளியே பூனை ஒன்றைக் காட்டினார்.
போனை வலக்கையிலேயே பிடித்திருந்தார்.
நான் கேட்டதெல்லாம்
சாப்பிட்டீங்களா.

படுத்தேன், எழுந்தேன்.
எந்த வீட்டுச் சேவலோ நேரம் தெரியாமல் கூவியது.
மூன்று மணிக்குப் பார்த்தபோது ஒரு விரல்தான்.
காக்கா வள்ளத்தடியில் உறங்கிப்போயிருந்தார்,
பக்கத்தில் தீப்பெட்டி, அதன் மேலே ஒரு சிப்பி,
காற்றுக்காக.

சுபுஹு பாங்கு சொல்லும்போது
இரண்டும் ஏர்வாடிப் பக்கம் சாய்ந்திருந்தன.
நடுவில் என் சுண்டுவிரல் நுழையவில்லை.
அந்த விரலாலேயே தட்டினேன்:
இடக்கையைக் காட்டுங்க.
கட்டோட காட்டுங்க.

ஒரு டிக் விழுந்தது.
இரண்டாவது விழவில்லை, அங்கே இன்னும் இருட்டு.
தொட்டிக்குப் பின்னால் குனிந்து
தலையணை உறையை எடுத்தேன்.
உப்புக் காற்றில் ஊறி
மறுபடியும் ஈரமாகியிருந்தது.